தல்ஹா மேட்டுக் கல்

இஷூவின் கூட்டாளி ஹம்மு அந்தக் கல்லை இஷூவின் தலைப்பாகைத் துணியிலேயே பொதிந்து கொண்டுவந்திருந்தான். விண்கல் தேடிப்போன இஷூ பாலைவனத்தில் இறந்து ஒரு மாதம் ஆகிறது. பைக் பழுதாகித் தண்ணீரும் தீர்ந்துபோயிருக்கிறது. தேடிப்போனவர்கள் அவனைக் கண்டெடுத்தபோது கல் அவன் மடியில் இருந்ததாம்.

இஷூவின் அக்கா தூதா, காசாபிளாங்காவில் விண்கற்களை வகைபிரிக்கும் ஆய்வாளர். தம்பியின் சாவுக்கு அவள் இன்னும் அழவில்லை.

"உங்கம்மா உன்கிட்ட குடுக்கச் சொன்னாங்கக்கா. நிலாக் கல்லா பாரு. நிலாக் கல்லு கிடைச்சா ஒட்டகத்துக்கே கல்யாணம் பண்ணி வைப்பேன்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சான்."

"அறுத்துப் பாத்தாத்தான் தெரியும். போய் டீ குடிச்சிட்டு வா."

ரம்பத்தில் கல்லை மெல்லிய சீவலாக அறுத்தாள். சீவலை ஒளி ஊடுருவும்வரை தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தாள். உருண்டை உருண்டையாக மணிகள். உருகிய துளிகள் விண்வெளியில் உறைந்தவை. ஒவ்வொன்றின் விளிம்பும் தெளிவாக இருந்தது. உள்ளே ஒலிவீன், பைராக்சின் என்ற கனிமங்கள் நீலமும் மஞ்சளுமாக மின்னின. அவற்றுக்கிடையே கண்ணாடிபோல் உறைந்த பாகம் கெடாமல் இருந்தது. உலோகம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான்.

மறுநாள் மின்னணுக் கருவியில் அளந்தாள். ஒலிவீனில் இரும்பின் அளவு மணிக்கு மணி ஏறி இறங்கியது. பிறந்த பிறகு பெருஞ்சூடு காணாத கல். சூடு கண்டிருந்தால் எல்லாம் ஒன்றுபோல் ஆகியிருக்கும். உலோகம் குறைந்த எல்எல் வகை; அதிலும் சூட்டால் மாறாதவை அடங்கும் மூன்றாம் படி.

"நிலா இல்ல ஹம்மு. நிலாவுக்கும் மூத்தது. பூமியே உருவாகறதுக்கு முன்னாடி திரண்டது."

"அப்ப பெரிசுதானே?"

"பெரிசுதான்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் அவனையே பார்த்தபடி இருந்தாள்.

ஒன்று பாக்கியிருந்தது. கிடைத்த இடம் தெரிந்தால் கல்லுக்கு அந்த இடத்தின் பெயர். தெரியாவிட்டால் வெறும் எண். இஷூ கல்லோடு கிடந்த இடம் தல்ஹா மேடு. அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, அந்த இடத்துப் பேரையே கல்லுக்கு வைக்கணும். வேண்டாம்னா இடம் தெரியலன்னு சொல்லிடறேன்."

"பொய் எதுக்குடி? எம்புள்ள தொலைஞ்சா போனான்? இடம் தெரியும்ல. அதையே வை. ஆராய்ச்சிக்கு வேணுங்கறத எடுத்துக்கிட்டு மீதிய அனுப்பு." பிறகு கேட்டாள்: "நீ ஏதாவது சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்," என்றாள் தூதா. அது பொய்.

ஆராய்ச்சிக்காக அருங்காட்சியகத்தில் இருக்கவேண்டிய துண்டை எடுத்துவைத்துவிட்டு, மீதிக் கல்லுடன் ஹம்முவைப் பேருந்து நிலையத்தில் விடப்போனாள். வாசல் கடையில் அவன் இரண்டு கிண்ணம் பிஸ்ஸாரா சொன்னான். பயறுக் கூழின்மேல் எண்ணெயும் சீரகமும் மிதந்தன. தூதா ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்தாள். ருசி எதுவும் தெரியவில்லை. ஆனாலும் கிண்ணத்தை முழுக்க வழித்துச் சாப்பிட்டாள்.

"இன்னொரு கிண்ணம் சொல்லவாக்கா?"

"சொல்லு."