அப்பாவுக்குக் கேட்கும் சுருதி

1

நான் தேடிப் போன கதையல்ல இது. என் பக்கத்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்த கதை. எங்கள் ஊர்த் தேவாலயப் பாடகர் குழுவில் உச்சக் குரல்காரர்களுக்கு முன்வரிசை. என்னைப் போன்ற கட்டைக் குரல்காரிகளுக்கு இரண்டாம் வரிசை. நிமோனியாவில் விழுந்து எழுந்த ரன்வெய்க், குரல் இறங்கிப்போய், பிப்ரவரியில் முன்வரிசையிலிருந்து என் பக்கத்துக்கு வந்தாள். காபி இடைவேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதிக்கோ. ஆனா எனக்கு நல்ல பேரா வை."

ஆக, ரன்வெய்க் என்பது நான் வைத்த பெயர். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மருத்துவமனை சன்னலுக்கு வெளியே பனி மெல்ல மெல்ல—

[வேண்டாம். எங்கள் ஊரான கிறிஸ்தியான்சுன்டில் சன்னலுக்கு வெளியே பெரும்பாலும் மழைதான். மறுபடியும்:]

குரல் என்பது ஒரு மனிதரின்—

[குரல் என்பது என்னவென்று எனக்கே தெரியாது. அவளுடைய அப்பாவிலிருந்து தொடங்கிவிடுகிறேன்.]

2

ரன்வெய்க்கின் அப்பா ஹல்வார், மீன்பிடிக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தவர். அந்த இரைச்சல் அவர் காதிலிருந்து மெல்லிய, உயர்ந்த ஒலிகளை முதலில் தின்றுவிட்டது. கட்டைக் குரல் கேட்கும். மெல்லிய குரல் கேட்காது. பெர்கனிலிருந்து மகன் ஷேல் போன் செய்தால் சிரித்துச் சிரித்துப் பேசுவார். பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை முடிந்து, தினமும் சாப்பாடு எடுத்து வருகிற மகள் என்ன சொன்னாலும் ஒரே பதில்தான்: "நல்லது, நல்லது."

காது மெஷின் இழுப்பறையில் கிடந்தது. "அதைப் போட்டா தட்டும் கரண்டியும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுது" என்பார்.

(ஓர் இடைக்குறிப்பு: காது கேட்காதவர்கள் பிடிவாதக்காரர்கள் என்று இந்த இடத்தில் எழுதி, அடித்துவிட்டேன். கேட்கவில்லை என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.)

3

சளி வடிந்தாலும் இருமல் விடவில்லை. இருமி இருமி ரன்வெய்க்கின் குரல் நாண்கள் வீங்கித் தடித்துப்போயின. தடித்த தந்தி கட்டையாகத்தானே ஒலிக்கும். வீக்கம் வடிந்தால் பழைய குரல் தானாக வந்துவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வீடு திரும்பிய அன்றே அப்பாவைப் பார்க்கப் போனாள். அவர் சமையலறையில் முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

"சாப்டியாப்பா?"

"சாப்டேன். மீன் உருண்டை. நீ எப்ப வந்த, ஷேல்?"

திரும்பினார். வாசலில் மகள்.

"நீயா? இப்ப நீயா பேசுன?"

"நான்தான். இருமி இருமி குரல் எறங்கிப்போச்சு."

"ஒரு வார்த்தை விடாம கேக்குது! பேசு, இன்னும் பேசு."

"என்னத்தப் பேச?"

"எதையாவது பேசு. வெலவாசியத் திட்டு."

திட்டினாள். காபி விலையை, மின்சாரக் கட்டணத்தை, பல் மருத்துவமனைக்கு வருகிற கஞ்சர்களை. அவர் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தார். அதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இருமல் என்று சமாளித்தாள்.

4

சில நாள் கழித்து அவரே கேட்டார்.

"வருசக்கணக்கா என்கூட சரியா பேசமாட்டேங்குற. சாப்பாடு வைக்கிற, போயிடுற. நான் என்னம்மா பண்ணேன்?"

இந்தக் கட்டைக் குரல் போய்விடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஒருநாள் சாப்பிடறப்ப உன்கிட்ட ஒரு விஷயம் சொன்னேன். நீ 'நல்லது, நல்லது'ன்னு சிரிச்சுக்கிட்டே உருளைக்கிழங்க என் பக்கம் தள்ளுன."

"என்ன சொன்ன?"

"வயித்துல இருந்த குழந்தை தங்கலப்பான்னு சொன்னேன்."

[இந்த இடத்தில் எனக்கு ஹல்வார் மீது சந்தேகம். காது கேட்காவிட்டால் என்ன, பெற்ற மகளின் முகம் சொல்லாதா? ரன்வெய்க்கிடமே கேட்டேன். "நான் தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னேன்" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.]

ஹல்வார் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"குழந்தையா? உனக்கா?"

"மூணு மாசம். நல்லா நிக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"அதுக்கா நான் நல்லதுன்னு சொன்னேன்?"

"ஆமா."

"எனக்குக் கேக்கலம்மா. சத்தியமா கேக்கல."

"இப்பத் தெரியுதுப்பா."

"பேரு ஏதாவது நெனச்சு வச்சிருந்தியா?" என்று கேட்டார்.

சொன்னாள். அவர் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதை மட்டும் எழுதாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள்.

5

வசந்தத்தில் வீக்கம் வடியத் தொடங்கியது. குரல் மேலே ஏறியது. பாடகர் குழுவில் எல்லோரும் வாழ்த்தினார்கள். அவள் மட்டும் பயந்தாள்.

கதைக்கு ஒரு முடிவு: குரலை அமுக்கி அமுக்கிப் பேசி, அதைக் கீழேயே நிறுத்திக்கொள்கிறாள்.

[செய்தும் பார்த்தாள். தொண்டை கட்டி, பேச்சே நின்றது. குரல் பயிற்சி தருகிற பெண்மணி, "இது தொண்டைங்க, உங்கப்பா ஓட்டுன எஞ்சின் இல்ல" என்று திட்டினார்.]

இன்னொரு முடிவு: ஹல்வார் இழுப்பறையைத் திறந்து மெஷினை எடுத்து மாட்டிக்கொள்கிறார்.

[எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ரன்வெய்க்கிடம் வாசித்துக் காட்டினேன். "மாட்டத்தான் செஞ்சாரு. நான் தட்டக் கழுவ ஆரம்பிச்சதும் கழட்டிட்டாரு. நீ எங்கப்பாவ ரொம்ப நல்லவராக்கப் பாக்குற" என்று சிரித்தாள்.]

நடந்தது இவ்வளவுதான். மே மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். குரல் முழுக்கத் திரும்பிவிட்டது. அவள் ஏதோ சொன்னாள். அவர் வழக்கம்போலத் தலையாட்டி, "நல்ல—" என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார்.

"கேக்கல. திரும்பச் சொல்லு."

சொன்னாள்.

"இன்னும் கேக்கல. கிட்ட வா."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"கேக்கல. போயிடாத. இன்னொரு தடவ."

அப்படி என்னதான் சொன்னாய் என்று கேட்டேன். அதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது. கோப்பையை வைத்துவிட்டு முன்வரிசைக்குப் போய்விட்டாள்.

ஆகவே இந்தக் கதைக்குத் தேவையான அந்த ஒரு வாக்கியம் என்னிடம் இல்லை. உங்களிடம் இருக்கலாம். எப்போதோ, யாரிடமோ சொல்லி, கேட்கப்படாமல் போனது. அதை இங்கே வைத்துவிடுங்கள். அவசரம் வேண்டாம். ஹல்வார் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார்.