சூப் பற்றி ஒரு திருத்தம்

1

இந்தக் கதை பிறக்கக் காரணம் ஓர் அறுவைப் பேர்வழி. ஹார்லன் வெஸ்ட்ரா, எங்கள் அயோவா கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். ஆசிரியர் கூட்டத்தில் அவர் எழுந்தால் போதும், பாதிப் பேர் பின்னல் ஊசியை எடுத்துவிடுவார்கள். அவருக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

சோள வயல்களின் மேல் அந்தி வெயில்—

(வேண்டாம். கூட்டம் நடந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.)

2

எங்கள் கல்லூரி சின்னது. சேரும் பிள்ளைகள் வருஷா வருஷம் குறைகிறார்கள். ஆகவே பணிநிரந்தரத்தை ஒழித்துவிட்டு ஐந்தாண்டு ஒப்பந்தம் கொண்டுவர ஒரு தீர்மானம். நிறைவேறினால் அன்றே அமல். என் பணிநிரந்தரமோ மறுவாரம் அறங்காவலர்கள் முன் வரவிருந்தது. தீர்மானம் ஜெயித்தால் ஆறு வருடக் காத்திருப்பும் போச்சு.

(தீர்மானத்தை எழுதியது யார் என்பதைக் கெட்டிக்கார எழுத்தாளர்கள் கடைசிவரை ஒளித்துவைப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஹார்லன்தான்.)

3

வாக்கெடுப்புக்கு முன் அவரே எழுந்தார். "ஒப்பந்த ஆசிரியர்களுக்கு கேன்டீன்ல இலவச சூப் உண்டான்னு இதுல இல்ல. ஒரு திருத்தம்."

"ஹார்லன், இது உங்க தீர்மானம்," என்றாள் டீன் லொரெட்டா.

"அவசரத்துல எழுதிட்டேன். தக்காளி சூப்பா, கோழி சூப்பா, அதையும் பேசிடுவோம்."

"ஐயோ, ஆரம்பிச்சுட்டாரு!" என்று முனகினான் வரலாற்றுத் துறை பிரெண்டன். அன்று மாலை கூடைப்பந்து ஆட்டம் வேறு. "என் பொண்ணு ஆடுறா, நான் கிளம்பறேன்." அவன் பின்னாலேயே ஒவ்வொருவராக நழுவினார்கள். ஹார்லன் பட்டாணி சூப் வரைக்கும் வந்துவிட்டார். பிறகு திடீரென்று நிறுத்தி, "கோரம் இருக்கான்னு கொஞ்சம் எண்ணிப் பாருங்களேன்," என்றார்.

இல்லை. வாக்கெடுப்புக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள் இல்லாததால் தீர்மானம் அடுத்த மாதத்துக்குப் போனது.

4

கார் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தேன். "உங்க தீர்மானத்தை நீங்களே கவுத்துட்டீங்களே, ஏன்?"

"கவுக்கல, மெரடித். அது சரியான தீர்மானம். அடுத்த மாசம் நானே கை தூக்குவேன்."

"அப்புறம் ஏன்?"

"ஆட்டம் முடியப் போற நேரத்துல விதிய மாத்தினா அது அழுகுணி ஆட்டம். என்னை அறுவைன்னு சொல்றீங்கல்ல? அதுக்கும் ஒரு உபயோகம் வேணாமா?"

நன்றி என்று சொல்ல வந்து

(இந்த வாக்கியம் எத்தனை முறை எழுதினாலும் முடியமாட்டேன் என்கிறது. விட்டுவிடுகிறேன்.)

5

எனக்குப் பணிநிரந்தரம் கிடைத்தது. கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் கோரின் இருக்கிறாள். இந்த இலையுதிர்காலத்தில் இசைத்துறையில் சேர்ந்தவள். பழைய விதியை நம்பி, வேறு வேலையை உதறிவிட்டு வந்தவள்.

"அவ இப்பத்தானே வந்திருக்கா, ஆட்டமே ஆரம்பிக்கல," என்கிறார் ஹார்லன்.

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் நான் அவரோடு கை தூக்குகிறேன், கல்லூரி பிழைத்துக்கொள்கிறது. இன்னொன்றில் எதிர்க்கிறேன், கல்லூரி என்னாகுமோ தெரியாது. முதலாவதில் கோரினுக்குத் துரோகம், இரண்டாவதில் ஹார்லனுக்கு. இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

மறுபடி அதே அறை. "வேற யாராவது பேசணுமா?" என்கிறாள் லொரெட்டா. முன்வரிசையில் கோரின் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் எழுந்து நிற்கிறேன். ஹார்லன் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். அப்புறம் நிதானமாகத் தன் பையிலிருந்து பின்னல் ஊசிகளை எடுக்கிறார்.

என்ன பேசட்டும் நான்? நீங்களே சொல்லுங்கள். சூப்பிலிருந்து ஆரம்பிக்கட்டுமா?