இருபது இன்ச் சக்கரம்

பதினெட்டு இன்ச் ரிம் போதும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாளா? இருபது இன்ச்தான் வேண்டும், டயரும் ஒரு சாணுக்கு மேல் அகலமாக வேண்டும் என்று என் மகள் ஒற்றைக் காலில் நின்றாள். டயர் கடையில் நாளெல்லாம் சக்கரம் மாட்டுகிறவள் நான். பந்தயத் தடத்தில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிறவள் அவள்.

"ஏண்டி, உனக்கு வேகம் வேணுமா, போட்டோ வேணுமா?"

"அகலமா இருந்தாத்தாம்மா வளைவுல பிடிப்பு. உனக்கு எல்லாத்துக்கும் பயம்."

"முன்சக்கரம் திரும்பணும்டி. திரும்புறப்ப உள்ள உரசும்."

"உரசுதான்னு மாட்டிப் பாரேன்" என்றார் கல்லாவில் இருந்த என் வீட்டுக்காரர். மகளுக்கு ஜால்ரா போடுவதென்றால் மனிதருக்கு அலுக்காது.

சரி, நீங்களாச்சு உங்கள் பெண்ணாச்சு என்று மாட்டினேன். கார் லிஃப்டில் உயரே நிற்க, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பச் சொன்னேன். டயருக்கும் உள்பக்கத் தடுப்புக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போனது. "இடிக்கலை, போ" என்றேன். இறக்கிய கையோடு காரை லாரியில் ஏற்றித் தடத்துக்குக் கொண்டுபோய்விட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எதையோ விட்டுவிட்ட மாதிரி இருந்தது. அடுத்த காரை லிஃப்டிலிருந்து இறக்கினேன். சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் காரின் பாடி நாலு விரற்கடை கீழே அமுங்கி உட்கார்ந்தது.

தூக்கி வைத்திருக்கும்போது சக்கரம் தொங்கும், இடைவெளி இருக்கத்தான் செய்யும். எடை இறங்கி, வளைவில் பிரேக் பிடித்து காரின் மூக்கு அமுங்கினால் அந்த இரண்டு விரல் எங்கே இருக்கும்? உரசி உரசி டயர் கிழிந்தால் அந்த வேகத்தில் என் பிள்ளை என்ன ஆவாள்? அடிப்பாவி, தொங்குகிற சக்கரத்தைப் பார்த்தா வாக்குக் கொடுத்தாய் என்று என்னை நானே ஏசிக்கொண்டேன்.

மகளுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை.

"ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு எப்படி எடுப்பா? உட்காரு, ஒண்ணும் ஆகாது" என்றார் அவர்.

"ஆகாதா? வண்டியை எடுங்க!"

சிவப்பு விளக்கெல்லாம் எனக்கென்றே எரிந்தன. அவரானால் ஒவ்வொன்றுக்கும் பயபக்தியோடு நின்றார். "இன்னைக்குத்தான் நீங்க ரூல்ஸ் பார்க்கணுமா!" என்று கத்தினேன். திரும்பத் திரும்பப் போன் போட்டேன்.

தடத்தின் ஓரக் கொட்டகையில் கார் நின்றது. பக்கத்தில் தரையில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மகள். ஓடிப்போய்க் கை, தோள், கழுத்து என்று தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அப்புறம்தான் சக்கரத்தைக் குனிந்து பார்த்தேன். டயரின் உள்விளிம்பு சுற்றிலும் சீவப்பட்டு, உள்ளிருந்த இழை வெளியே தெரிந்தது.

"சத்தம் வரலையாடி?"

"முதல் சுத்துலயே வந்துச்சு."

"அப்பவே நிறுத்தித் தொலைக்கிறதுக்கென்ன, எருமை!"

நிமிர்ந்து பார்த்தாள். "நீதான் இடிக்கலைன்னு சொன்னியேம்மா. அப்ப டயரா இருக்காது, வேற என்னமோன்னு நெனச்சு இன்னும் நாலு சுத்து ஓட்டினேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. நான் அந்தச் சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.