அம்பு ஸ்டிக்கர்

நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்டை விட்டு ஏழு மாதமாகிறது. விட்டேன் என்று சொல்வதே பெருமைக்குத்தான். ஒருநாள் எழுந்திருக்க முடியவில்லை, மறுநாளும் முடியவில்லை. காரணம் கேட்டவர்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

என் மனைவி அபிராமிக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருவதைப் புரட்டிப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். காலையில் கிளம்பும்போது, "துரைக்கு இன்னும் விடியலையாக்கும்?" என்பாள். என் பெயர் பாண்டித்துரை.

மாதம் ஒருமுறை லீவு போட்டு என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவதும் அவள்தான். "மனச்சோர்வு எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது," என்று டாக்டர் ஒருமுறை சொன்னார். "சிலர் படுத்துருவாங்க. சிலர் ஓடிக்கிட்டே இருப்பாங்க, சிரிச்சுக்கிட்டும் இருப்பாங்க." படுத்தவனைப் பற்றிச் சொன்னதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

அபிராமி ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். சுறுசுறுப்பு என்று நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவளுடைய சூப்பர்வைசர் தனபால் போன் செய்தார்.

"ஏனுங்க, கொஞ்சம் கம்பெனிக்கு வந்துட்டுப் போறீங்களா? கோவிச்சுக்காதீங்க. உங்க ஊட்டுக்காரம்மா ஒரு கட்டுப் பூரா அம்பு ஒட்டி வெச்சிருக்குதுங்க. ஒரு பீஸ்லகூடக் குறை இல்லீங்க. கேட்டா சிரிக்குதுங்க."

சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக அதை எடுத்து நீட்டுவது அவள். பிறகு போட்டுக்கொண்டு போனேன்.

மேஜை நிறையக் குழந்தைகளின் வெள்ளைப் பனியன். ஒவ்வொன்றிலும் நாலைந்து அம்பு. ஒன்றை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"எங்க இருக்கு, அபி?"

"ஓட்டை தெரியலையா? எல்லாத்துலயும் இருக்கே." சிரித்தாள்.

பக்கத்து மேஜைப் பெண், "அக்காவுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்கண்ணா," என்றாள். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அபிராமியின் கை அடுத்த பனியனுக்குப் போனது. பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"நீங்க படுக்கறதுக்கு முந்தியிருந்தே," என்றாள். இப்போது சிரிப்பு இல்லை. "ரெண்டு பேரும் படுத்துட்டா எப்படி?"

தனபாலிடம் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சீட்டு எழுதுகிறவர் நிமிராமல், "பேரு?" என்றார்.

"பாண்டித்துரை. முப்பத்துநாலு," என்றாள் அவள், பழக்கத்தில்.

"இல்ல. அபிராமி. முப்பத்தொண்ணு," என்றேன்.

ஏதோ கேலி சொல்லப் போகிறவள்போல என் பக்கம் திரும்பினாள்.  பிறகு சீட்டை அவளே வாங்கிக்கொண்டாள்.

மனநலப் பிரிவில் எங்களுக்கு முன்னால் நாற்பது பேராவது இருப்பார்கள். பெஞ்சில் ஓர் ஆள் உட்கார மட்டும் இடம் இருந்தது.

"நீங்க உக்காருங்க, கால் வலிக்கும்," என்றாள்.

அவளை உட்கார வைத்துவிட்டு நின்றேன். கால் வலித்தது.