காய்ந்த பல்லின் நிறம்

பெயிண்ட் கடையில் அவனுக்கு ஷேடு என்று பெயர். யாராவது உடைந்த ஓட்டுத் துண்டையோ பழைய சட்டைப் பொத்தானையோ கொண்டுவந்து "இதே கலர் வேணும்" என்று நீட்டினால், முதலாளி திரும்பிக்கூடப் பார்க்காமல் "ஷேடைக் கூப்பிடு" என்பார். இவன் டப்பாவில் சொட்டுச் சொட்டாகக் கலந்து, அட்டையில் ஒரு பட்டை இழுத்து, தலைமுடி உலர்த்தும் மெஷினைப் பிடித்து அதைக் காயவைப்பான். காயும்வரை யார் என்ன கேட்டாலும் பதில் வராது. "ஈரத்துல எல்லாக் கலரும் பொய் சொல்லும்" என்பான். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், அவன் "ஈரத்துல" என்று ஆரம்பித்ததுமே மற்றவர்கள் மீதியைக் கோரஸாகச் சொல்லிவிடுவார்கள். தொழிலில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. குடும்பம் நடத்தியதைப் பற்றிக் கேட்டால் அது வேறு கதை.

அந்த வேறு கதை ரொம்பச் சின்னது. அவனும் மனைவியும் சண்டை போட்டு ஓய்ந்து, சண்டை போடவும் விஷயமில்லாமல் போய், பிரிந்துவிட்டார்கள். மகள் அம்மாவோடு இருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவிடம் வருவாள். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா வந்து கூட்டிப்போய்விடுவாள். மகளை அவன் பட்டாணி என்று கூப்பிடுவான். பிறந்தபோது அந்த அளவுதான் இருந்தாள். இப்போது முதல் வகுப்பு. வாய் ஓயாது.

மற்ற நாட்களில் அவனுடைய ஒற்றை அறையில் சத்தம் என்றால் குழாய்ச் சத்தம்தான். கைகழுவும் தொட்டியோரம் ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டு டூத்பிரஷ்கள் நிற்கும். ஒன்று அவனுடையது, இன்னொன்று விரல் நீளத்தில் ரோஸ் நிறம். அவள் போன பிறகு அந்தச் சின்ன பிரஷ் ஒரு நாளில் காய்ந்துவிடும். அதற்குப் பிறகு வாரம் முழுக்க அது காய்ந்தேதான் நிற்கும். பல் துலக்கும்போதெல்லாம் அவன் கண் அதன்மேல் போகும். போனால் என்ன செய்ய முடியும், வாயைக் கொப்பளித்துவிட்டு வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை இரவு விளக்கை அணைத்ததும் பட்டாணி தூங்கிவிடுவாள். வாரம் பூராவும் காத்திருந்தவனுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு தடவை யதேச்சையாக ஒரு டாஃபி கொடுத்தான். டாஃபி வாயில் இருக்கும்வரை அவள் தூங்கவில்லை. ஒரு கன்னம் உப்பிக்கொண்டு, எச்சில் வழிய வழிய, பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதுவரை ஒன்று விடாமல் சொன்னாள். அதிலிருந்து தலையணைக்கு அடியில் டாஃபி இருப்பது வழக்கமாகிவிட்டது. மிட்டாய் கரைந்து முடிந்ததும் அந்த இனிப்பு வாயோடு அப்படியே தூங்கிவிடுவாள். எழுப்பி வாய் கொப்பளிக்கச் சொல்ல அவனுக்கு மனம் வராது.

போன வருஷம் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையானது. அம்மா கண்டுபிடித்துவிட்டாள். பிரிந்த பிறகு அவள் 'என்னங்க' என்று கூப்பிடுவதில்லை, 'நீங்க' மட்டும்தான் மிச்சம். அன்றைக்கு அந்த 'நீங்க'வும் சுட்டது.

"இங்க பாருங்க. இன்னொரு பல்லு போச்சுன்னா சனிக்கிழமையும் போச்சு. அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க."

அவள் சொன்னால் செய்கிறவள். அவன் டாஃபியை நிறுத்தினானா என்றால், நிறுத்தினான். ஒரு மாதம்.

இந்தச் சனிக்கிழமை காலை பட்டாணி ரொட்டியைக் கடித்தவள், "அப்பா, கல்லு" என்று எதையோ உள்ளங்கையில் துப்பினாள். கல் இல்லை. மேல்வரிசை முன்பல்லின் மூலை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான். பக்கவாட்டில் இடுக்குக்குள் ஒளிந்து அரித்துக்கொண்டிருந்த சொத்தை, பழுப்பாகப் பல்லை இளித்தது. சாயங்காலம் அவள் அம்மா வந்துவிடுவாள்.

இரண்டு தெரு தள்ளிக் குழந்தைகளுக்கான பல் டாக்டர் ஒருத்தி இருந்தாள். சின்ன வயதுதான். சுவரெல்லாம் மீன் ஸ்டிக்கர். பட்டாணியை நாற்காலியில் ஏற்றி, ஆரஞ்சு நிறக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டு, வாய்க்குள் பார்த்தாள்.

"பால் பல்லுதான் சார், ஆனா இது தானா விழ இன்னும் நாள் இருக்கு. சுத்தம் பண்ணி அடைச்சிடலாம்."

"வெள்ளியில வேணாம் டாக்டர். பல்லு கலர்லயே அடைப்பாங்களாமே? அடைச்ச இடமே தெரியக்கூடாது."

"அதேதான் போடப்போறேன்" என்று டாக்டர் ஒரு அட்டையை எடுத்தாள். அதில் சின்னச் சின்னப் பற்கள் வெளுப்பிலிருந்து மஞ்சள்வரை வரிசையாக நின்றன. ஷேடுக்குக் கை துறுதுறுத்தது. எச்சில் ஈரத்தோடு இருந்த பல்லுக்குப் பக்கத்தில் அட்டையை வைத்துப் பார்த்து, டாக்டர் சட்டென்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அப்போதே அவன் புருவம் ஏறிவிட்டது. ஈரத்திலா பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

மரத்துப்போக மருந்து தடவி, சொத்தையைக் குடைந்தெடுத்து, கன்னத்துக்குள் பஞ்சை வைத்து, காற்றை ஊதிப் பல்லைக் காயவைத்தாள். காய்ந்த பல் பளிச்சென்று வெளுத்துவிட்டது. டாக்டர் எடுத்துவைத்திருந்த பசை அதன் பக்கத்தில் மஞ்சளாகத் தெரிந்தது. இதற்குமேல் அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

"டாக்டர், இது மஞ்சள். அடுத்த வெள்ளையைப் போடுங்க."

"இல்ல சார். பல்லு காஞ்சா வெளுத்துக் காட்டும். திரும்ப ஈரமானா பழைய நிறத்துக்கு வந்துடும். அதுக்குத்தான் முதல்லயே பார்த்து எடுத்தேன்."

"நிறம்னா காஞ்ச பிறகு பாக்கணும் டாக்டர். இதுதான் என் தொழிலே. ஈரத்துல எல்லாக் கலரும் பொய் சொல்லும்."

"சுவர் வேற, பல்லு வேற சார்."

"இது யாருக்கும் தெரியவே கூடாது. நான் சொல்றதைக் கேளுங்க."

பட்டாணி நெளிய ஆரம்பித்திருந்தாள். எச்சில் பட்டால் அடைப்பு ஒட்டாது, எல்லாம் முதலிலிருந்து. வாதாட நேரமில்லை. டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டு, "உங்க பொறுப்பு சார்" என்று வேறு பசைக் குழாயைத் திறந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வைத்து நீல வெளிச்சம் அடித்து இறுக்கி, தேய்த்துப் பளபளப்பாக்கினாள். ஷேடு குனிந்து பார்த்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் ஒட்டுத் தெரியாது. தான் சொன்னது சரியாய்ப் போனதில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் மட்டும், "சாயங்காலம் ஒரு தடவை பாருங்க" என்றாள்.

வரும் வழியில் அவன் மகளிடம் சொன்னான். "பட்டாணி, இது நமக்குள்ள இருக்கட்டும். அம்மாகிட்ட சொல்லவேணாம்."

"ஏன்?"

"அம்மா வருத்தப்படுவா."

வருத்தப்படப் போகிறவன் யார் என்பது அவனுக்குத் தெரியும். பட்டாணி சரி என்று தலையாட்டினாள். காதும் காதும் வைத்த மாதிரி காரியம் முடிந்தது என்று அவன் நினைத்தான்.

மத்தியானம் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, ஊரையே விலைக்கு வாங்குகிற அளவுக்குப் பேசி, பல் நன்றாக ஈரமாகிவிட்டது. நாலு மணிக்கு அவள் சிரித்தபோது பார்த்தான். பல் தன் பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தது. அடைப்பு திரும்பவில்லை. சின்னப் பல்லின் மூலையில் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல் ஒரு வெள்ளைத் திட்டு. நடுத்தெருவில் நின்று பார்த்தாலும் தெரியும்.

"என்னப்பா பாக்குற? சிரிச்சா தெரியுதா?"

"கொஞ்சம். அம்மா முன்னாடி வாயை மூடிக்கிட்டே சிரி. சரியா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கண்ணாடி முன்னால் ஏறினாள். உதட்டை ஒட்டிக்கொண்டு சிரித்துப் பழகினாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. "இப்படியா அப்பா?" என்று திரும்பிக் கேட்டாள். "ஆமா" என்றான். சொல்லும்போதே தன்மேல் அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னான்.

அம்மா வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. அவள் எப்போதும் கதவருகே நின்று ஒன்று சொல்வாள். "இங்க ஒரு பட்டாணி மூட்டை இருக்காமே? எடை போட்டு எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்." உடனே பட்டாணி, "நான் மூட்டை இல்ல!" என்று கத்திச் சிரித்துக்கொண்டே அறையைச் சுற்றி ஓடுவாள். அதுதான் வழக்கம்.

இன்றைக்கும் அம்மா சொன்னாள். பட்டாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. சத்தமே இல்லை. கையின் மேல் இரண்டு கண்கள் அப்பாவைப் பார்த்தன, நான் சரியாகச் செய்கிறேனா என்று.

"என்னாச்சுடி? தொண்டை வலியா?"

பட்டாணி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

அவனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. குழாயை விட்டால் இந்த வீட்டில் அவனுக்குக் கிடைக்கும் ஒரே சத்தம் அவள் சிரிப்பு. அதைத்தான் அவன் தன் கையால் மூடிவைத்திருந்தான்.

"கையை எடும்மா" என்றான். "அம்மாகிட்ட வாயைத் திறந்து காட்டு."

அம்மா அவளை ஜன்னலுக்குக் கூட்டிப்போய் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்ன இது, வெள்ளையடிச்ச மாதிரி?"

"டாக்டர் சரியாத்தான் எடுத்தாங்க. நான்தான் மாத்தச் சொன்னேன்."

"பல்லுலயும் உங்க ஷேடு வேலையா?" என்றாள். சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாத மாதிரி அவள் வாய் கோணியது. பிறகு நேராகிவிட்டது. "டாஃபியா?"

"ஆமா."

"படுக்கும்போதா?"

"ஆமா."

"சொல்லியும் ஏன் கொடுத்தீங்க?"

சொல்வதற்கு ஒரு பொய்கூட அவன் கைவசம் இல்லை. "வாயில அது இருந்தா அவ தூங்க மாட்டா. இன்னும் கொஞ்ச நேரம் என்கிட்ட பேசிக்கிட்டு இருப்பா. அதுக்குத்தான்."

அம்மா குனிந்து மகளின் செருப்பு வாரை மாட்டிவிட்டாள். மாட்டி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் குனிந்தேயிருந்தாள்.

"அடுத்த வாரம் அனுப்ப மாட்டேன்" என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் பாக்கலாம்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கெஞ்சியாவது பார்த்திருப்பான்.

பட்டாணி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நான் சொல்லல அப்பா, நீதான் சொன்ன" என்று காதில் சொன்னாள். "ஆமாடா, நான்தான்" என்றான். அம்மாவும் மகளும் படியிறங்கினார்கள். அவன் வாசலிலேயே நின்றான். முதல் திருப்பத்திலேயே பட்டாணி ஆரம்பித்துவிட்டாள். நீல வெளிச்சம், ஆரஞ்சுக் கண்ணாடி, பல்லுக்குத் தூக்க மருந்து, அப்பா டாக்டரோடு போட்ட சண்டை, ஒன்றுவிடாமல் மூச்சுவிடாமல். கீழே அம்மா ஏதோ சொன்னாள். "நான் மூட்டை இல்ல!" என்ற கத்தலும் சிரிப்பும் படிக்கட்டு முழுக்க எழும்பி மேலே வந்தன. வாயை அகலத் திறந்து சிரித்த சிரிப்பு. தெருக்கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

அறைக்குள் வந்து முகம் கழுவக் குழாயைத் திறந்தான். டம்ளரில் அந்த ரோஸ் பிரஷ் நின்றது. மத்தியானம் சாப்பிட்டதும் அவனே நிற்க வைத்துத் துலக்கிவிட்டிருந்தான். விரலால் தொட்டுப் பார்த்தான். இன்னும் ஈரம் இருந்தது. எதையும் காயும்வரை காத்திருந்து பார்க்கிறவன், இது மட்டும் காயாமல் இருக்கக்கூடாதா என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.