நெட்டைப் பெண்கள் மூவாருக்கு வந்தபோது

லூசிக்கு அப்போது இருபத்தேழு வயது. மலாயாவில் மூவார் ஊர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் தாதி. தாதிகளை அங்கே எல்லாரும் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். இவளை மட்டும் 'மிஸ்ஸி திங்கி' என்றார்கள். திங்கி என்றால் மலாயில் உயரம். ஆறடிக்கு ஒரு விரல்கடைதான் குறைவு. வார்டுக் கதவு நிலையில் குனிந்து குனிந்து நுழைந்து, குனிய வேண்டாத இடத்திலும் குனிந்தே நடக்கும் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. பெண் பார்க்க இரண்டு குடும்பங்கள் வந்தன. அவள் உட்கார்ந்திருக்கும்வரை சிரித்துப் பேசியவர்கள், காப்பித் தட்டோடு அவள் எழுந்து நின்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அம்மா சவரியம்மா கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை. மாதா கோவிலுக்குப் போகும் வழியில் மகள் கொஞ்சம் நிமிர்ந்து விட்டால் மட்டும், "தணிஞ்சு நடடி" என்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில் சீனாவிலிருந்து ஒரு பெண்கள் கூடைப்பந்துக் குழு மலாயாவுக்கு வந்தது. சிங்கப்பூரிலும் பத்து பகாட்டிலும் ஆடிவிட்டு மூவாருக்கு வருகிறார்கள் என்று கடைத்தெருவெல்லாம் பேச்சு. மூவார்ச் சீன வாலிபர்களோடு சீனப் பள்ளிக்கூடத்துத் திடலில் ஆட்டம். ஆண்களோடு பெண்கள் ஆடுவதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். சுளித்தவர்களும் டிக்கெட் வாங்கினார்கள்.

"அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டுத் தொடை தெரிய ஓடுறாளுங்களாம். அதைப் போயா பாக்கணும்?" என்றாள் சவரியம்மா.

லூசிக்கும் போகும் எண்ணம் இல்லை. கூட்டத்தில் நின்றால் பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் ஆட்டத்தன்று காலையில் ஆஸ்பத்திரி டிரெஸர் சதாசிவம் அவளைத் தேடி வார்டுக்கு வந்தார். நடு வயதுக்காரர், கட்டுப் போடுவதில் கை பேசும், வாய் அதைவிட அதிகமாகப் பேசும்.

"லூசிம்மா, பள்ளிக்கூடத்துக்காரங்க ஆள் கேட்டிருக்காங்க. அடி கிடி பட்டா பாக்கணுமாம். பொம்பளப் புள்ளைங்க வெளையாடுறாங்க, நான் எப்படிக் காலைப் புடிச்சிப் பாக்குறது? நீ வா."

"வேற மிஸ்ஸி யாரையாச்சும் கூட்டிக்கிட்டுப் போங்க சார்."

"டாக்டர் உன் பேரத்தான் சொன்னாரு. போலாம், வா. உக்காந்துக்கிட்டுத்தான இருக்கப் போற?"

உட்கார்ந்திருக்கலாம் என்ற ஒரு வார்த்தைக்காக அவள் சம்மதித்தாள்.

திடலைச் செம்மண் போட்டு இறுக்கியிருந்தார்கள். சுண்ணாம்பால் கோடு. இரண்டு பக்கமும் மரக்கம்பத்தில் பலகை, பலகையில் வளையம். கோட்டிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் டிரெஸருக்கும் லூசிக்கும் ஒரு பெஞ்சு. மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தோளைக் குறுக்கி உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கம் தவுக்கேமார்களுக்கு, ஊர்ச் சீன முதலாளிகளுக்கு, நாற்காலிகள். மற்ற இடமெல்லாம் தலைகள், மரக்கிளைகளிலும் ஆட்கள்.

பெண்கள் வரிசையாக ஓடி வந்தார்கள். கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கி ஒரு முனகல் எழுந்தது. வடசீனத்துப் பெண்கள் அவர்கள். மூவார் வாலிபர்களில் நெட்டையானவன்கூட அவர்களில் பலரது காது மட்டத்துக்குத்தான் வந்தான்.

"அலமாக்!" என்றார் டிரெஸர். "எதைத் தின்னுட்டு வளந்துச்சுங்க இதுங்க?"

தூரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவர்கள் வெறும் உயரமாகத்தான் தெரிந்தார்கள். இப்போது பக்கத்தில் வந்ததும் அந்த உயரத்துக்கு எடை வந்தது. ஒருத்தி ஓடி வந்து கோட்டருகே திரும்பும்போது பெஞ்சின் காலில் அதிர்வு ஏறியது. மூச்சுச் சத்தம் கேட்டது. முழங்காலில் பழைய தழும்புகள், தாடையிலிருந்து சொட்டும் வியர்வை, பந்தை ஒரே கையில் அள்ளிப் பிடிக்கும் விரல்கள். பந்து அந்தக் கைக்குள் போனதும் சிறுத்துப் போனது போலிருந்தது. அவர்கள் கையை உயர்த்தியபோது அது முடிகிற இடத்தைத் தேடி லூசி அண்ணாந்தாள். யாரையாவது அண்ணாந்து பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

எல்லாரிலும் பெரியவள் ஒருத்தி. முதுகில் ஏழாம் எண். ஹான் என்று கூட்டம் அவள் பெயரைக் கத்தியது. அவள் தன் உடம்பை எங்கேயும் மறைக்கவில்லை. வளையத்துக்கு அடியில் கால்களை அகற்றி, முழங்கையை விரித்து, இந்த இடம் எனக்கு என்பது போல நின்றாள். நான்கு பேர் சுற்றி மொய்த்தும் அவள் அசையவில்லை. அந்த உடம்பு எனக்கு இருந்தால் அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்றுதான் நான் நினைத்திருப்பேன் என்று லூசிக்குத் தோன்றியது. பிறகு, ஏறக்குறைய அதே உடம்புதானே எனக்கும் என்று நினைத்து, தன் கால்களைப் பெஞ்சுக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே நீட்டினாள்.

இடைவேளை முடிந்து பெண்கள் கொஞ்சம் முன்னணியில் இருந்தார்கள். அப்போது ஒரு பந்து கோட்டைத் தாண்டிப் பறந்தது. ஹான் அதைத் துரத்திக்கொண்டு நேராகப் பெஞ்சை நோக்கி வந்தாள். டிரெஸர் துள்ளி விலகினார். லூசிக்கு எழக்கூட நேரம் இல்லை. பெஞ்சு கவிழ்ந்தது, பெட்டி உருண்டது, அயோடின் புட்டி உடைந்து அவளுடைய வெள்ளை உடுப்பெல்லாம் பழுப்பாகியது. அவளுக்கு மேலே ஹான் கிடந்தாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

ஹான் எழ முயன்று, வலது காலை ஊன்றியதும் முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு ஆட்டக்காரப் பையன்கள் தூக்க வந்தார்கள். அவர்கள் தோள் அவளுடைய விலாவுக்குத்தான் எட்டியது. அவள் தொங்கியபடி நொண்டவேண்டியிருந்தது. லூசி அவர்களை விலக்கிவிட்டு ஹானின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அது சரியாகப் பொருந்தியது. அவளைத் தாங்க வேண்டுமென்றால் லூசி முதுகை நிமிர்த்தியாக வேண்டும். நிமிர்த்தினாள். சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது.

பக்கத்து வகுப்பறையில் ஹானை ஒரு மேஜையில் உட்கார வைத்தாள். பள்ளிக்கூடத்து ஆசிரியை மிஸ் டான் மொழிபெயர்க்கக் கூட வந்தாள். சிரித்த முகம், லூசியின் வயதுதான் இருக்கும். லூசியோடு மலாயில் பேசினாள்.

லூசி சப்பாத்தைக் கழற்றினாள். கணுக்கால் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. எலும்பை அழுத்திப் பார்த்தாள். முறியவில்லை. ஆனால் தசைநார் நன்றாகப் பிசகியிருந்தது. ஈரத் துணியைச் சுற்றும்போது, அந்தப் பாதம் எவ்வளவு நீளம் என்று கையை நிறுத்தி ஒரு கணம் பார்த்துவிட்டாள்.

ஹான் அதைக் கவனித்துவிட்டு ஏதோ சொன்னாள். மிஸ் டான் தயங்கி மலாயில் சொன்னாள்.

"பெரிய கால், இல்லையா என்று கேட்கிறாள். அவளுடைய அம்மாவின் கால் அவள் உள்ளங்கைக்குள் அடங்குமாம். சின்ன வயதில் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். இவளுக்கும் கட்ட அம்மா துணி எடுத்து வைத்திருந்தாள். அப்பா விடவில்லையாம்."

"அவங்க அம்மா இப்ப என்ன சொல்றாங்க?" என்று லூசி மலாயில் கேட்டாள்.

மிஸ் டான் அதைக் கேட்டதும் ஹான் தோளைக் குலுக்கி ஏதோ சொன்னாள். "இவ்வளவு வளர விட்டது தப்பு என்று இன்னும் அழுகிறாளாம். ஆனால் அண்டை வீட்டாருக்கு இவள் போட்டோவைக் காட்டுகிறாளாம்."

லூசி சிரித்துவிட்டாள். ஹானும் சிரித்தாள். அப்புறம் காலில் சுற்றிய கட்டைக் காட்டி, இன்னும் இறுக்கு, நான் போகவேண்டும் என்று சைகை செய்தாள்.

லூசி தலையை ஆட்டினாள். "தாக் போலே. முடியாது."

ஹானின் முகம் மாறியது. குழுவில் இரண்டு பேர் பத்து பகாட்டிலேயே காய்ச்சலில் படுத்துவிட்டார்கள், மாற்றுக்கு ஆள் இல்லை, வெளியே நான்கு பேர்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள் மிஸ் டான். அதற்குள் குழுவின் மேனேஜர் வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, வேகமாகப் பேசும் மனிதர். லூசியிடம் ஆங்கிலத்தில், கட்டிவிட்டால் போதும், அவள் சும்மா நின்றாலே எதிராளிகள் பயப்படுவார்கள், தவுக்கேமார்கள் அவளைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்றார்.

"இன்னிக்கு நின்னா அப்புறம் பல மாசம் நிக்க முடியாம போகலாம்" என்று லூசி ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நீங்கள் டாக்டர் இல்லை."

அது உண்மைதான். வழக்கமாக யாராவது இப்படிச் சொன்னால் அவள் வழிவிட்டு ஒதுங்குவாள். இப்போது மண்டியிட்டிருந்தவள் எழுந்து, அவருக்கும் மேஜைக்கும் நடுவே நின்றாள். அவர் கண் அவளுடைய பழுப்புக் கறையிலிருந்து மேலே மேலே ஏறி அவள் முகத்துக்கு வந்தது.

"டாக்டர் வர்றவரைக்கும் இந்தக் கால் என் பொறுப்பு" என்றாள். குரல் உயரவில்லை.

மேனேஜர் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். ஏதோ முணுமுணுத்துவிட்டு வெளியே போனார்.

லூசி திரும்பிப் பார்த்தபோது ஹான் நன்றியோடு இல்லை. கோபத்தோடு லூசியை முறைத்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு குழந்தை போல அழுதாள். அந்தப் பெரிய முதுகு குலுங்குவதை லூசி பார்த்துக்கொண்டு நின்றாள். திடலில் யாரும் அசைக்க முடியாதவளை ஒரு மேஜையில் அழவைத்துவிட்டோம் என்று மனசு உறுத்தியது. செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். சரியானதைச் செய்த சந்தோஷம் மட்டும் வரவில்லை.

வெளியே கூட்டம் ஓவென்று கத்தியது. மூவார்ப் பையன்கள் ஜெயித்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போனதும் சவரியம்மா உடுப்பிலிருந்த கறையைப் பார்த்துப் பதறினாள். லூசி நடந்ததைச் சொல்லி முடித்ததும் கேட்டாள்.

"அந்தப் புள்ள உன்னவிடவா ஒசரம்?"

"என்னவிடக் கொஞ்சம் ஒசரம்மா."

"அவ ஆத்தாவும் அழுவுறாளாமா?"

"ஆமா."

சவரியம்மா உடுப்பை வாங்கி வாளியில் ஊறப்போட்டாள். "எலுமிச்சம்பழம் தேய்ச்சாப் போவும்" என்றாள்.

மறுநாள் காலையில், மலாக்காவுக்குப் போகும் படகுத்துறைக்கு லூசி ஹானின் கால்கட்டை மாற்றப் போனாள். ஹான் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து காலை நீட்டினாள், முகத்தைப் பார்க்கவில்லை. கட்டி முடித்ததும் மற்றப் பெண்கள் என்னவோ கேலி பேசி, லூசியையும் ஹானையும் முதுகோடு முதுகாக நிற்க வைத்தார்கள். துறையிலிருந்த சுமைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு விரல் உயரம் ஹான்தான் அதிகம் என்று முடிவாயிற்று. அதைக் கேட்டு ஹான் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். கோபம் தீர்ந்ததா என்று லூசியால் சொல்ல முடியவில்லை. படகு நகர்ந்தபோது பெண்கள் கையசைத்தார்கள். ஹானும் அசைத்தாளா என்று அந்தக் கூட்டத்தில் தெரியவில்லை.

மலாக்காவில் ஹான் ஆடினாள். மிஸ் டான்தான் சீனப் பத்திரிகையில் படித்துவிட்டு வந்து சொன்னாள். கட்டோடு இறங்கி, பாதியில் நொண்டிக்கொண்டு வெளியேறினாளாம். அதற்குப் பிறகு ஈப்போவிலும் பினாங்கிலும் அவள் பெயர் இல்லை.

"சொன்னேனே" என்று சொல்ல லூசிக்கு வாய் வரவில்லை. "கேக்காம போயிட்டாளே" என்று மட்டும் சொன்னாள்.

"நீயா இருந்தா கேட்டிருப்பியா?"

லூசி யோசித்தாள். இதுவரை யார் என்ன சொன்னாலும் கேட்டவள் அவள். "தெரியல" என்றாள்.

மிஸ் டான் வந்தது அதைச் சொல்ல மட்டும் இல்லை. ஆசிரியைகள் சேர்ந்து சாயங்காலத்தில் கூடைப்பந்து ஆடப் போகிறோம், ஆள் குறைகிறது, நீ வா என்றாள். லூசி மறுத்தாள். மறு வாரம் மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை, ஆண்கள் யாரையும் உள்ளே விடமாட்டோம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு லூசி போனாள்.

அவளுக்குச் சுத்தமாக ஆட வரவில்லை. உயரம் இருந்தால் பந்து தானாகக் கைக்கு வந்துவிடும் என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நினைத்திருந்தாள். பந்து கையில் பட்டு மூக்கில் இடித்தது. ஓடினால் பந்து பின்தங்கியது. பந்தைத் தட்டினால் கால் பின்தங்கியது. அவள் தோள் உயரம்கூட இல்லாத தையல் டீச்சர் அவள் கையிடுக்கில் புகுந்து பந்தைப் பறித்துக்கொண்டு போனாள். எல்லாரும் சிரித்தார்கள். லூசிக்கும் சிரிப்பு வந்தது. ஹான் அந்த வளையத்துக்கு அடியில் அப்படி நிற்க எத்தனை வருஷம் விழுந்து எழுந்திருப்பாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தத் தழும்புகளைப் பார்த்தும் அன்றைக்கு உயரத்தைத்தான் வியந்திருந்தாள்.

அடுத்த சாயங்காலமும் போனாள், அதற்கடுத்த வாரமும். வளையத்துக்கு அடியில் கையைத் தூக்கிக்கொண்டு நில், வேறொன்றும் செய்யாதே என்று மிஸ் டான் சொல்லிக் கொடுத்தாள். அது கொஞ்சம் வந்தது.

ஒரு நாள் சவரியம்மா தலையில் முக்காட்டோடு பள்ளிக்கூட வேலிக்கு வெளியே வந்து நின்றாள். லூசி அவளைப் பார்த்துத் திடுக்கிட்டு, கையிலிருந்த பந்தைக் கீழே விட்டாள். தையல் டீச்சர் அதை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"அவளைப் புடிடி!" என்று வேலிக்கு வெளியேயிருந்து கத்தினாள் சவரியம்மா. "பாத்துக்கிட்டு நிக்குற! உன் காலுக்கு நாலு எட்டுல புடிச்சிரலாம்லா, ஓடு!"

லூசி ஓடினாள். பிடிக்க முடியவில்லை.