உள்ளே ஒரு பிளாஸ்டிக்

தம்பி செய்ததை அக்கா குறை சொல்வாளா? சொல்லியிருக்க வேண்டும். சாண்ட்விச் கடைக்காரி சொல்லவில்லை, அதனால்தான் இத்தனை வம்பும்.

தம்பி நல்ல வேலையை விட்டுவிட்டு, மரவள்ளிக்கிழங்கு மாவைக் காய்ச்சி, தட்டில் மெல்லிசாக ஊற்றிக் காயவைத்து, சாப்பாடு சுற்றுகிற உறை செய்தான். பார்க்க பிளாஸ்டிக் மாதிரியே பளபளக்கும். மண்ணில் போட்டால் மக்கிவிடும், வாயில் போட்டால் தின்னவும் செய்யலாம் என்பான். வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டபோது, "என் கடையில போட்டுப் பாக்கலாம்டா" என்றவள் அக்கா ஒருத்திதான்.

போட்டுப் பார்த்தாள். காய்ந்த ரொட்டியைச் சுற்றிப் பார்த்தவனுக்குத் தக்காளியின் ஈரம் தெரியுமா? மத்தியானத்துக்குள் உறை கொழகொழவென்று ரொட்டியோடு ஒட்டிக்கொண்டது. வாங்கினவர்கள் முகம் சுளித்தார்கள். சாயங்காலம் தம்பி வந்து, "எப்படிக்கா போச்சு?" என்று பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி நின்றான். அந்த முகத்தைப் பார்த்து எந்த மகராசிக்கு உண்மை சொல்ல வாய் வரும்? "ஒரு குறையும் இல்லடா" என்றாள். மறுநாளிலிருந்து உள்ளே பிளாஸ்டிக், மேலே தம்பியின் உறை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். அதையும் ஒரு மாதம் மறைத்தாள்.

இன்று காலையில் தம்பி போன் பண்ணினான். ஆஸ்பத்திரி கேன்டீன்காரர் நாளையிலிருந்து உறை வாங்கிக்கொள்கிறாராம். "உன் கடையில ஒரு மாசமா ஓடுதுன்னு சொன்னேன்க்கா. அதுக்காகத்தான் ஒத்துக்கிட்டார். மத்தியானம் சாப்பிட வரேன்."

அங்கே போய் ஒட்டினால் தம்பியின் பெயர் கெடும். அப்புறம் எவன் கதவைத் திறப்பான்? வாயால் சொல்லத் தைரியம் இல்லை. ஒரு சாண்ட்விச்சை அவன் உறையில் மட்டும் சுற்றி எடுத்து வைத்தாள்.

தம்பி வந்து பிரித்தான். உறை இளகி, விரல் உள்ளே போனது.

"இன்னைக்கு மட்டும்தானே?"

"முதல் நாள்லேருந்தேடா. மறுநாள்லேருந்து உள்ள பிளாஸ்டிக் வச்சுத்தான் கொடுத்தேன். உன் முகத்தைப் பாத்தா சொல்ல மனசு வரல."

அவன் உறையோடு சேர்த்தே ஒரு கடி கடித்தான். "திங்கலாம். அது ஒண்ணாவது உண்மை" என்றான். பிறகு குரல் இறங்கியது. "ஊரே தேறாதுன்னு சொல்லிச்சு, நான் காதுல வாங்கல. நீ நல்லாருக்குன்னு சொன்னே, நம்பிட்டேன். மாவோட பதத்தை ஒரு தடவைகூட மாத்திப் பாக்கலக்கா. ஒரு மாசம் வீணாப் போச்சு."

அவளுக்கு அதுதான் சுருக்கென்று குத்தியது. பாசம் என்று நினைத்து அவன் காலையே கட்டிப் போட்டிருக்கிறாளே, பாவி.

அவன் கேன்டீன்காரருக்குப் போன் போட்டு, "இன்னும் சரியா வரலீங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றான். கல்லாவுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் சுருளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் அவள் தம்பியின் உறையில் மட்டும் சுற்றி விற்றாள். திட்டு வாங்கினாள். சாயங்காலம் அவன் வந்து வாசலிலேயே நின்றான்.

"எப்படிக்கா போச்சு?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "படு மோசம்டா. தக்காளி படுற இடம்தான் முதல்ல இளகுது. வெள்ளரி வச்சது கொஞ்சம் தாங்குது."

தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "இன்னும் சொல்லு" என்றான்.